“ஒற்று மட்டும் பார்த்துக் கொடுங்கள்”: எழுத்துக் கோளாறுகளைச் சரிசெய்ய ஒரு வழிகாட்டி

மொரீஷியஸில் தைப்பூசக் காவடி நெருங்கும்போது கோவில் அறிவிப்பு, விழா மலர்க் கட்டுரை, நன்றியுரை எல்லாம் மொத்தமாகத் திருத்தத்துக்கு வந்து சேரும். ஏப்ரலில் புத்தாண்டுக்கு இன்னொரு கட்டு. நடுவில் கல்யாணப் பத்திரிகைகள், பிள்ளைகளின் பேச்சுப்போட்டி உரைகள். கொண்டுவருகிறவர்கள் சொல்வது எப்போதும் ஒன்றுதான்: “எல்லாம் சரியாத்தான் இருக்கு, ஒற்று மட்டும் பார்த்துக் கொடுங்க.” ஒற்று (“அந்தப் பையன்” என்பதில் நடுவே வரும் “ப்” மாதிரி) தவறியிருக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் படிக்கிறவர் தடுக்கி விழுவது பெரும்பாலும் வேறு இடத்தில்.

அதனால் இந்தக் குறிப்பு பெரிய கோளாறில் தொடங்கிச் சின்னதை நோக்கிப் போகிறது. உங்கள் எழுத்தில் எந்த அறிகுறி தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். இரண்டு மூன்று சேர்ந்து தெரிந்தால் மேலே இருப்பதை முதலில் பாருங்கள். நாளைக்கு வெட்டப்போகிற பத்திக்கு இன்றைக்கு ஒற்றுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது வீண்வேலை.

கைவைக்கும் முன் இரண்டு காரியம். மூலத்தை வேறு பெயரில் ஒரு நகல் எடுத்து வையுங்கள். எழுதி முடித்த அன்றே திருத்தாமல் ஒரு ராத்திரியாவது போகட்டும். அதற்கும் நேரமில்லை என்றால் எழுத்துருவை மாற்றி, அளவைப் பெரிதாக்கி, தாளில் அச்சடித்துப் படியுங்கள். திரையில் கண்ணுக்குத் தப்பியது தாளில் தப்பாது.

## அறிகுறி 1: “என்னதான் சொல்ல வர்றீங்க?” என்று கேட்கிறார்கள்

முதல் சந்தேகம்: முன்னுரை. பத்துக்கு எட்டு இதுதான். காவடி அறிவிப்பு என்றால் “எல்லாம் வல்ல முருகப்பெருமானின் திருவருளாலும் ஆன்றோர் பெருமக்களின் நல்லாசியாலும்” என்று ஆரம்பித்து நாலு வரி ஓடும். கட்டுரை என்றால் “உலகின் தொன்மையான மொழிகளுள் ஒன்றாகிய தமிழ்” என்று கிளம்பும். எழுதுகிறவருக்குக் கை சூடேற அந்த வரிகள் வேண்டும், சரி. படிக்கிறவருக்கு அவை வேண்டியதில்லை.

சோதனை: முதல் பத்தியைக் கையால் மூடிக்கொண்டு இரண்டாம் பத்தியில் இருந்து படியுங்கள்.

- புரிந்தால், முதல் பத்தி போகலாம். கோவில் அறிவிப்பில் சாமி பெயர் வேண்டும் என்றால் தலைப்புக்கு மேல் ஒரு வரி போதும்.
- ஒரே ஒரு தகவல் குறைந்தால், அந்தத் தகவலை மட்டும் இரண்டாம் பத்திக்கு இறக்கிவிட்டு மற்றதை வெட்டுங்கள்.
- ஒன்றுமே புரியாவிட்டால், அடுத்த சந்தேகத்துக்குப் போங்கள்.

இரண்டாவது: விஷயம் கடைசியில் ஒளிந்திருக்கிறது. நிதி கேட்டு எழுதும் கடிதங்களில் இது வாடிக்கை. கேட்கக் கூச்சப்பட்டு, வரலாறெல்லாம் சொல்லி முடித்து, கையெழுத்துக்கு மேலே ஒரு வரியில் கேட்பார்கள். அந்த வரியைத் தூக்கி முதலில் வையுங்கள். கூச்சமாக இருந்தால் அதற்கு முன்னால் ஒரு வணக்கம் போட்டுக்கொள்ளலாம்.

மூன்றாவது, அதிக வேலை வைக்கிறது: சொல்ல வந்தது எது என்று எழுதியவரே முடிவு செய்யவில்லை. தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பக்கத்தில் இருப்பவரிடம் ஒரே வாக்கியத்தில் சொல்லிப் பாருங்கள். இங்கே எல்லாரும் பேசும் கிரியோல் மொழியில் சொன்னாலும் பரவாயில்லை. அந்த ஒரு வாக்கியம் வாயில் வராவிட்டால் இதைத் திருத்த முடியாது. உட்கார்ந்து யோசிக்கத்தான் வேண்டும். அடுத்தவரிடம் கொடுத்தும் பயனில்லை. உங்கள் மனதில் இல்லாததை அவர் எங்கிருந்து எடுப்பார்?

ஒரு விதிவிலக்கு. மலரின் முதல் பக்கங்களில் வரும் பிரமுகர் வாழ்த்துச் செய்திகளை நான் இந்தச் சோதனைக்கு உட்படுத்துவதில்லை. அவற்றில் பெயரும் பதவியும் சரியாக இருந்தால் போதும். முழுவதையும் யாரும் படிக்கப்போவதில்லை.

## அறிகுறி 2: அறிவிப்பு போன பிறகும் தொலைபேசி ஓயவில்லை

எழுத்தில் பிழையே இருக்காது. ஆனால் படித்தவர்கள் வரிசையாகக் கூப்பிட்டுக் கேட்பார்கள்.

எளிய காரணம்: எழுதியவருக்குத் தெரிந்தது எல்லாருக்கும் தெரியும் என்ற நினைப்பு. “வழக்கம்போல் ஊர்வலம் புறப்படும்” என்று எழுதியிருப்பார். வழக்கம் தெரிந்தவருக்கு அறிவிப்பே தேவையில்லை. இந்த வருடம்தான் முதல்முறையாகக் காவடி எடுக்கிற பிள்ளைக்குத் தெரியவேண்டியவை வேறு. கொடியேற்றம் என்றைக்கு, விரதம் எப்போது தொடங்குகிறது, பால் செம்பும் காவடியும் எத்தனை மணிக்கு ஆற்றங்கரைக்கு வந்து சேரவேண்டும், கோவிலில் சாப்பாடு உண்டா? ஜனவரி, பிப்ரவரி புயல் மாதங்கள் வேறு. எச்சரிக்கை வந்துவிட்டால் என்ன ஏற்பாடு என்பதற்கு ஒரு வரி இருக்கவேண்டும். அந்த வரி இல்லாத அறிவிப்பை நான் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

சோதனை: விழாக் குழுவில் இல்லாத ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். “புரிஞ்சுதா?” என்று கேட்காதீர்கள், எல்லாரும் புரிந்தது என்றுதான் சொல்வார்கள். “நீங்க எத்தனை மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்புவீங்க?” என்று கேளுங்கள். பதில் சொல்லத் திணறினால் அறிவிப்பில் ஓட்டை இருக்கிறது.

அடுத்த காரணம்: தகவல் இருக்கிறது, ஆனால் புதைந்திருக்கிறது. நேரம், இடம், தேதி மூன்றும் வாக்கியத்துக்குள் கரைந்துபோயிருக்கும். அவற்றைத் தனி வரிகளாக எடுத்து எழுதுங்கள். அறிவிப்புக்கு உரைநடை அழகு இரண்டாம் பட்சம்.

மூன்றாவது: தகவலே தப்பு. தேதியும் கிழமையும் பொருந்துகிறதா என்று நாட்காட்டியில் பாருங்கள். போன வருட அறிவிப்பை எடுத்துத் தேதியை மட்டும் மாற்றியவர்கள் கிழமையை மாற்ற மறந்திருப்பார்கள். தமிழ்த் தேதியும் ஆங்கிலத் தேதியும் சேர்ந்து வந்தால் இரண்டையும் தனித்தனியாகச் சரிபாருங்கள்.

## அறிகுறி 3: வாக்கியம் மூச்சு முட்டுகிறது

உரக்கப் படித்தால் நடுவில் மூச்சு வாங்கும். கடைசியில் வினைச்சொல் வந்து சேரும்போது எழுவாய் எது என்று மறந்துபோயிருக்கும்.

இப்படி ஒரு மாதிரியை வைத்துக்கொள்வோம்:

*கடந்த வருடம் நம் இளைஞர் அணி நூலகம் அமைத்து, பெரியவர்கள் புத்தகங்களை நன்கொடையாகக் கொடுத்து, புயல் மழையில் கூரை ஒழுகி, புத்தகங்கள் நனைந்து, தற்போது புதிய கூரை போட நிதி தேவைப்படுகிறது.*

முதல் சந்தேகம்: எழுவாய் பாதியில் மாறுகிறது. அமைத்தது இளைஞர் அணி, கொடுத்தது பெரியவர்கள், ஒழுகியது கூரை, நனைந்தது புத்தகம், தேவைப்படுவது நிதி. ஒரே வாக்கியத்தில் ஐந்து எழுவாய்கள். “செய்து” என்ற மாதிரியில் வரும் எச்சங்கள் (அமைத்து, கொடுத்து, வந்து, போய்) பொதுவாக வாக்கியத்தை முடிக்கிற ஆளின் செயலாகவே இருக்கவேண்டும். ஆள் மாறினால் எச்சத்தின் வடிவமும் மாறும். “அப்பா எழுதி, நான் தபாலில் சேர்த்தேன்” என்பது நிற்காது. “அப்பா எழுதிக் கொடுக்க, நான் தபாலில் சேர்த்தேன்” என்பது நிற்கும்.

சோதனை: ஒவ்வொரு எச்சத்துக்கும் மேலே “யார்?” என்று பென்சிலால் குறியுங்கள்.

- எல்லாவற்றுக்கும் ஒரே ஆள் என்றால், வாக்கியம் நீளமாக இருந்தாலும் ஆபத்தில்லை. காதுக்குப் பாரமாக இருந்தால் மட்டும் இரண்டாக வெட்டுங்கள்.
- ஆள் மாறினால், மாறுகிற இடத்தில் முற்றுப்புள்ளி வையுங்கள்.

வெட்டிய பிறகு: *கடந்த வருடம் நம் இளைஞர் அணி நூலகம் அமைத்தது. பெரியவர்கள் புத்தகங்கள் கொடுத்தார்கள். புயல் மழையில் கூரை ஒழுகியது. பல புத்தகங்கள் நனைந்துவிட்டன. புதிய கூரை போட நிதி வேண்டும்.*

இப்போது இன்னொன்றும் கண்ணில் படும். நிதி வேண்டும் என்பதுதான் விஷயம். அது கடைசியில் இருக்கிறது. அறிகுறி 1 ஞாபகம் இருக்கிறதா? வாக்கியத்தை வெட்டும்வரை அந்தக் கோளாறு வெளியே தெரியவில்லை. *நூலகத்துக்குப் புதிய கூரை போட நிதி வேண்டும். போன புயல் மழையில் பழைய கூரை ஒழுகியதால் பெரியவர்கள் கொடுத்த புத்தகங்களில் பல நனைந்துவிட்டன.* நூலகத்தை யார் அமைத்தது என்பது இந்தக் கடிதத்துக்குத் தேவையே இல்லை. இளைஞர் அணி கோபித்துக்கொண்டால் கடைசியில் ஒரு நன்றி சொல்லிவிடலாம்.

இரண்டாவது சந்தேகம்: எழுவாயும் முடிக்கும் வினையும் ஒத்துப்போகவில்லை. “மாணவர்கள் பரிசு பெற்றது”, “ஒவ்வொரு பக்தர்களும் வருகிறார்கள்” என்பவை அடிக்கடி வரும். மாணவர்கள் பெற்றார்கள், ஒவ்வொரு பக்தரும் வருகிறார். நீண்ட வாக்கியத்தில் இது சுலபமாக ஒளிந்துகொள்ளும், வெட்டினால் தானாக வெளியே வரும். அதனால் முதலில் வெட்டுங்கள், அப்புறம் இதைத் தேடுங்கள்.

## அறிகுறி 4: எழுத்து தமிழ்தான், ஆனால் தமிழ் மாதிரி இல்லை

இந்தத் தீவில் இது தனி வியாதி. வீட்டில் கிரியோல், செய்தித்தாள் பிரெஞ்சில், அலுவலகக் காகிதம் ஆங்கிலத்தில். தமிழ் பள்ளியிலும் கோவிலிலும் கற்றது. தமிழ்நாட்டில் எழுத்துப் பயிற்சி கொடுப்பவர்கள் “பாட்டியிடம் பேசுவதுபோல் எழுதுங்கள்” என்பார்கள். நம் பாட்டிகளில் பலர் கிரியோலில்தான் பேசுகிறார்கள். ஆகவே அந்த ஆலோசனை இங்கே உதவாது.

எளிய காரணம்: தேவையில்லாத “ஒரு”. “அவர் ஒரு நல்ல ஆசிரியர். அவர் ஒரு பெரிய பள்ளியில் ஒரு வகுப்பை நடத்துகிறார்.” பக்கம் முழுவதும் “ஒரு” என்ற சொல்லைத் தேடி, ஒவ்வொன்றையும் எடுத்துவிட்டுப் படியுங்கள். பொருள் கெடாத இடத்தில் அது தேவையில்லை. பாதிக்கு மேல் போய்விடும்.

அடுத்தது: “-ப்பட்டது” கூட்டம். “இவ்விழா குழுவினரால் ஏற்பாடு செய்யப்பட்டு நடத்தப்படுகிறது.” யார் செய்தார் என்று தெரிந்திருக்கும்போது அவரையே முன்னால் நிறுத்துங்கள்: “விழாவைக் குழுவினர் நடத்துகிறார்கள்.” செய்தவர் யார் என்று தெரியாத இடத்தில், அல்லது சொல்லவேண்டாத இடத்தில், “-ப்பட்டது” இருந்துவிட்டுப் போகட்டும். அதைப் பார்த்த இடத்திலெல்லாம் வெட்டுகிறவர்களும் இருக்கிறார்கள், அதுவும் மிகை.

மூன்றாவது: “கொண்டிருக்கிறது”. “எங்கள் கோவில் மூன்று வாசல்களைக் கொண்டிருக்கிறது.” எங்கள் கோவிலுக்கு மூன்று வாசல், அவ்வளவுதான். இதே குடும்பத்தைச் சேர்ந்தது “யார் நேற்று வந்தாரோ அந்த ஆசிரியர்”. நேற்று வந்த ஆசிரியர் என்றால் முடிந்தது.

சோதனை: தமிழில் உரக்கப் படிக்க வீட்டில் ஆள் இல்லையென்றால் கைபேசியைப் படிக்கச் சொல்லுங்கள். எழுத்தைக் குரலாக்கும் வசதி இப்போது பெரும்பாலான கைபேசிகளில் தமிழுக்கும் இருக்கிறது. உச்சரிப்பு கொஞ்சம் மரக்கட்டையாக இருந்தாலும், நீங்கள் எழுத நினைத்ததை அல்லாமல் எழுதியதை மட்டும் அது படிக்கும். தடுமாறும் வாக்கியம் உடனே காதில் உறுத்தும்.

அதிக வேலை வைக்கும் காரணம்: முழுவதும் மொழிபெயர்ப்பு. பிரெஞ்சு உரையை அப்படியே இயந்திர மொழிபெயர்ப்பில் போட்டு எடுத்த கட்டுரைகள் இப்போது அதிகம் வருகின்றன. ஒவ்வொரு வாக்கியமும் தனியாகப் பார்த்தால் பிழையில்லாமல் இருக்கும். சேர்த்துப் படித்தால் யார் யாரிடம் பேசுகிறார் என்று புரியாது. இதைத் திருத்த உட்காராதீர்கள். மூலத்தை ஒருமுறை படித்துவிட்டு மூடி வைத்து, ஞாபகத்தில் நின்றதைத் தமிழில் புதிதாக எழுதுங்கள். நேரமும் குறைவு, தலைவலியும் குறைவு.

ஆளைக் கூப்பிடும் கட்டம்: சட்டப் பத்திரம், அரசு அறிவிப்பு, மருத்துவக் குறிப்பு போன்ற மொழிபெயர்ப்பில் ஞாபகத்தில் இருந்து எழுதும் வித்தை கூடாது. அது பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளரின் வேலை.

## அறிகுறி 5: ஒரே பத்தியில் இரண்டு பேர் பேசுகிறார்கள்

“மாண்புமிகு அமைச்சர் அவர்கள் வருகை தந்து விழாவைச் சிறப்பித்தார். அப்புறம் அவங்க பேசினாங்க, செம்மையா இருந்துச்சு.” முதல் வாக்கியம் மேடையில், இரண்டாவது சினிமாவில். பிள்ளைகள் தமிழைப் பாதி பாடப்புத்தகத்திலும் பாதி படங்களிலும் கற்கிறார்கள். ஆக இது அவர்கள் குற்றம் இல்லை.

சோதனை: ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசிச் சொல்லையும் மட்டும் வட்டமிட்டு, மேலிருந்து கீழே படியுங்கள். இப்படி ஒரு வரிசை வரலாம்: தந்தார், பேசினாங்க, இருந்தது, சென்றனர், போனான். நடை எங்கே மாறுகிறது, மரியாதை எங்கே விழுகிறது என்பது அந்த வரிசையிலேயே தெரியும். ஒரே ஆளுக்கு முதல் பத்தியில் “சொன்னார்”, மூன்றாம் பத்தியில் “சொன்னான்” என்று வந்திருப்பதும் இதில் பிடிபடும்.

எந்த நடை என்பது உங்கள் விருப்பம். ஒன்றை எடுத்தால் அதிலேயே நில்லுங்கள். பேச்சு வழக்கு வேண்டுமென்றால் மேற்கோள் குறிக்குள் வையுங்கள்.

## அறிகுறி 6: எழுத்துப்பிழை திருத்தும் கருவி பச்சைக்கொடி காட்டுகிறது, ஆனால் ஊரே சிரிக்கிறது

காரணம்: தப்பான சொல், ஆனால் உண்மையான சொல். ஏழு கறி என்பது புத்தாண்டுக்கும் காவடிக்கும் நாம் வாழை இலையில் பரிமாறும் சாப்பாடு. “ஏழு கரி” என்று அச்சடித்தால் அடுப்புக்கரி. இரண்டும் அகராதியில் இருப்பதால் எந்தக் கருவியும் கோடு போட்டுக் காட்டாது. “மன விழா”, “ஒலி விளக்கு”, “பல்லி ஆண்டு விழா” எல்லாம் இந்த வகை. கல்யாணப் பத்திரிகையில் கூறைப்புடவை கூரைப்புடவை ஆகிவிட்டால் சம்பந்தி வீட்டார் மறக்கவே மாட்டார்கள். ல, ள, ழ மூன்றும், ர, ற இரண்டும் நம் வாயில் கிட்டத்தட்ட ஒன்றாகவே ஒலிப்பதால் காதை நம்பமுடியாது.

சோதனை: உங்களுக்கு அடிக்கடி குழம்பும் ஜோடிகளைத் தனித் தாளில் எழுதி வைத்து, ஒவ்வொன்றையும் தேடல் பெட்டியில் போட்டுப் பாருங்கள். தொடங்குவதற்குச் சில: கறி, கரி, மணம், மனம், ஒளி, ஒலி, பள்ளி, பல்லி, அறை, அரை, பெறு, பெரு. கைபேசியில் தட்டச்சு செய்தவர்கள் சொல் பரிந்துரையில் தவறிப்போய்த் தொட்டதையும் சந்தேகப்படுங்கள்.

கண்ணுக்கே தெரியாத காரணம்: “கௌரவம்” என்று இருக்கவேண்டிய இடத்தில் ஒற்றைக் கொம்புக்குப் பின் “ள” என்ற தனி எழுத்தைத் தட்டியிருப்பார்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் தேடினால் கிடைக்காது, எழுத்துரு மாறினால் அசிங்கமாகப் பிரியும். கர்சரை அந்த எழுத்துக்குப் பின்னால் வைத்து பேக்ஸ்பேஸ் விசையை ஒருமுறை அழுத்துங்கள். வெறும் “க” மிஞ்சினால் சரி. “கெ” மிஞ்சினால் தப்பு. துணைக்காலுக்குப் பதில் “ர” தட்டியதும் இப்படித்தான் ஏமாற்றும்.

## அறிகுறி 7: ஒற்று

ஒருவழியாக ஒற்றுக்கு வந்துவிட்டோம். முழு இலக்கணமும் இங்கே வேண்டியதில்லை. பெரும்பாலான பிழைகள் சில இடங்களிலேயே விழுகின்றன.

- “ஐ”, “கு” என்ற உருபுகளுக்குப் பின் க, ச, த, ப வந்தால் ஒற்று மிகும்: முருகனைக் கண்டேன், கோவிலுக்குப் போனேன்.
- அந்த, இந்த, எந்த என்பவற்றுக்குப் பின்னும் மிகும்: அந்தப் பையன்.
- “படித்துப் பார்” மிகும், “வந்து பார்” மிகாது. “வந்த பையன்” மிகாது.
- ட், ற் இரண்டுக்கும் பின்னால் இன்னொரு ஒற்று உட்காராது. முயற்ச்சி, காட்ச்சி, கற்ப்பூரம் எல்லாம் தப்பு. முயற்சி, காட்சி, கற்பூரம்.

சந்தேகம் வந்தால் ஒற்றை விட்டுவிடுங்கள் என்பது என் கட்சி. விட்ட ஒற்றை வாசகர் மன்னிப்பார். தேவையில்லாத இடத்தில் புகுந்த ஒற்று உரக்கப் படிக்கும்போது பல்லில் கடிபடும். இதை ஒப்புக்கொள்ளாத தமிழாசிரியர்கள் உண்டு. தேர்வுக்கு எழுதும் பிள்ளைகள் அவர்கள் பேச்சைக் கேட்பதே நல்லது.

## அறிகுறி 8: எழுத்தில் பிழையில்லை, ஆனாலும் சண்டை வருகிறது

எளிய காரணம்: பெயர். நம் குடும்பப் பெயர்கள் பலவும் அந்தக் காலக் குமாஸ்தாக்கள் காதில் விழுந்தபடி பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் பதிந்தவை. அவற்றைத் திரும்பத் தமிழில் எழுதும்போது ஊகம் செய்யக்கூடாது. அடையாள அட்டையில் Moutou என்று இருப்பதை எழுத்துக்கு எழுத்து பார்த்து எழுதினால் முத்து “மௌதௌ” ஆகிவிடும். முறையாக எழுதினால், வீட்டில் வேறு மாதிரி எழுதி வருகிறவர் கோபிப்பார். ஒரே வழி, தொலைபேசியில் கேட்பது. நன்கொடையாளர் பட்டியலை அச்சுக்கு அனுப்பும் முன் இருவர் உட்கார்ந்து, ஒருவர் ரசீதுப் புத்தகத்தை உரக்கப் படிக்க, மற்றவர் பட்டியலில் குறி போடவேண்டும். தனியாகச் செய்தால் கண் தாவிவிடும்.

அடுத்தது: வரிசை. யார் பெயர் முதலில், எந்த மொழி மேலே. இதைச் சின்ன விஷயம் என்று நினைப்பவர்களுக்கு நம் மொரீஷியஸ் ரூபாய் நோட்டே பாடம். ஆங்கிலம், தமிழ், இந்தி என்று இருந்த வரிசை 1998-இல் வந்த புதிய நோட்டுகளில் மாறி, தமிழ் இந்திக்குக் கீழே போனது. தமிழர்கள் எதிர்த்தார்கள். நோட்டுகளைத் திரும்பப் பெற்று, பழைய வரிசையிலேயே மறுபடி அச்சிட்டார்கள். அந்த நோட்டுகளில் எழுத்துப்பிழை எதுவும் பிரச்சினை ஆகவில்லை.

சோதனை: போன வருட அழைப்பிதழைப் பக்கத்தில் வைத்து வரிசையை ஒப்பிடுங்கள். மாற்றம் இருந்தால், அது வேண்டுமென்றே செய்ததா என்று குழுவிடம் கேளுங்கள். திருத்துகிறவர் இதில் முடிவெடுக்கக்கூடாது.

## அறிகுறி 9: கணினியில் சரியாக இருந்தது, அச்சில் பாழ்

பக்கம் முழுவதும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வந்தால்: பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தது. அந்த எழுத்துரு அச்சகக் கணினியில் இல்லை. யூனிகோடுக்கு மாற்றும் கருவியில் போட்டு எடுங்கள். மாற்றிய பிறகு முழுவதையும் மறுபடி படிக்கவேண்டும். மாற்றும்போது சில எழுத்துகள் இடம் மாறும்.

கொம்பும் காலும் தனித்தனியாக நின்றால், புள்ளி ஓடிப்போனால்: வடிவமைக்கும் மென்பொருள் இந்திய எழுத்துகளைக் கோக்கும்படி அமைக்கப்படவில்லை. இன்டிசைன், போட்டோஷாப் இரண்டிலும் அதற்குத் தனி அமைப்பு உண்டு. தமிழ் படிக்கத் தெரியாத வடிவமைப்பாளருக்கு இது கோளாறாகவே தெரியாது, அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. “கொ, கோ, கௌ, ஸ்ரீ” என்ற நாலையும் பெரிதாக ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்து, இதே மாதிரி வருகிறதா பாருங்கள் என்று சொல்லுங்கள்.

இரண்டுக்கும் பொதுவான காப்பு: எழுத்துரு உள்ளடங்கிய பிடிஎஃப் கோப்பாக அனுப்பி, அச்சடித்த மெய்ப்பை, அதாவது சரிபார்க்கத் தரும் மாதிரித் தாளை, கையில் வாங்கிப் பாருங்கள். கைபேசியில் வந்த படத்தைப் பார்த்துச் சரி சொல்லவேண்டாம். மெய்ப்பில் தலைப்பு, தேதி, பெயர், தொலைபேசி எண் இவற்றை முதலில் பாருங்கள். பெரிய எழுத்தில் இருக்கிற தலைப்பைத்தான் எல்லாரும் படிக்காமல் தாண்டுகிறார்கள்.

ஆளைக் கூப்பிடும் கட்டம்: கல்லில் வெட்டுவது, பித்தளையில் பொறிப்பது, கோவில் சுவரில் எழுதுவது. கும்பாபிஷேகக் கல்வெட்டை வெட்டியபின் திருத்தம் என்ற பேச்சுக்கே இடமில்லை. புத்தகமாக வரும் எதற்கும் மெய்ப்புத் திருத்துநருக்குக் காசு கொடுங்கள். ஆள் கிடைக்கவில்லை என்ற சாக்கு இங்கே செல்லாது. மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் தமிழ்த் துறை இருக்கிறது. பள்ளிகளில் தமிழ் சொல்லிக்கொடுப்பவர்களும் உண்டு. கேட்கும்போது இரண்டு நாள் முன்னால் கேளுங்கள். அச்சகத்தின் வாசலில் நின்றுகொண்டு கூப்பிடாதீர்கள். கூப்பிடும்போது எந்த அறிகுறிக்காகக் கூப்பிடுகிறீர்கள் என்றும் சொல்லுங்கள். விஷயம் புரிகிறதா என்று பார்ப்பது ஒரு வேலை, பிழை பார்ப்பது வேறு வேலை. கூலியும் நேரமும் வேறு.

## அறிகுறி 10: எவ்வளவு திருத்தினாலும் முடியவில்லை

எளிய காரணம்: எல்லாவற்றையும் ஒரே சுற்றில் பார்க்கிறீர்கள். ஒரு சுற்றுக்கு ஒரு வேலை என்று பிரியுங்கள்: முதலில் விஷயம், அப்புறம் வாக்கியம், அப்புறம் எழுத்து, கடைசியாகப் பெயரும் எண்ணும்.

அடுத்தது: திருத்துகிறவர்கள் அதிகம். ஐந்து பேர் கொண்ட குழு ஒரே கோப்பில் கைவைத்தால் ஒருவர் எடுத்ததை இன்னொருவர் திரும்பப் போடுவார். கருத்து யாரும் சொல்லலாம். கோப்பு ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும்.

கடைசியாக: திருத்தம் முடிந்துவிட்டது, உங்களுக்குத்தான் விட மனமில்லை. இரண்டாம் சுற்றில் எடுத்த சொல்லையே மூன்றாம் சுற்றில் திரும்ப வைக்கிறீர்களா? அப்படியென்றால் கோப்பை மூடி அச்சகத்துக்கு அனுப்புங்கள். காவடி வாரத்தில் அவர்களுக்கும் வேலை குவிந்து கிடக்கும். பிந்திப் போனால் உங்கள் மெய்ப்பைப் பார்க்க யாருக்கும் நேரம் இருக்காது.